வைக்கோல் கட்டு வியாபாரமும் கறவை மாட்டின் வயிறும்

நம் சங்க உறுப்பினர்களில் பலர் பலசரக்கோடு சேர்த்துத் தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, கலப்புத் தீவனம் ஆகியவற்றையும் விற்று வருகிறோம். அண்மை ஆண்டுகளில் இந்த வரிசையில் இன்னொரு சரக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அதுதான் இயந்திரம் சுற்றிய வைக்கோல் கட்டு. கடை வாசலில் பத்துக் கட்டு அடுக்கி வைத்திருக்கும் சில்லறைக் கடைக்காரர் முதல், லாரி லாரியாக இறக்கி வைக்கும் மொத்த வியாபாரி வரை இன்று பலரும் இதில் இறங்கியிருக்கிறார்கள்.

அரிசியையும் பருப்பையும் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லும் நம்மவர்கள், வைக்கோல் என்றதும் 'எல்லாம் வைக்கோல்தானே' என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படி எண்ணுவது நம் பணத்துக்கும் ஆகாது, வாடிக்கையாளரின் மாட்டுக்கும் ஆகாது. இரண்டு மாடு வைத்து, பால் ஊற்றிக் குடும்பம் நடத்துபவர்தான் நம் தீவன வியாபாரத்தின் அடிப்படை. பால் பணம் வந்ததும் நம் கடைக்கு வந்து பற்று தீர்ப்பவர் அவர். அவர் வீட்டு மாடு ஒரு வாரம் பால் குறைந்தால் நம் கணக்குப் புத்தகத்தில் ஒரு வாரம் நிலுவை ஏறும். மாடே விழுந்துவிட்டால் அந்தப் பற்று வருமா வராதா என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வைக்கோல் என்ன தரும், என்ன தராது, நல்ல கட்டு எது, கெட்ட கட்டு எது என்பதை நாம் தெரிந்து வைத்துக்கொண்டு விற்பதே முறை. அதற்காகவே இக்கட்டுரை.

போரிலிருந்து கட்டுக்கு

முன்பெல்லாம் ஆள் வைத்து அறுத்து, களத்தில் அடித்து, வைக்கோலை உலர்த்திப் போர் போடுவார்கள். போர் போடுவது ஒரு தனித் திறமை. மழை நீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும்படி மேல்பாகத்தைச் சரித்து முடிப்பார்கள். அந்தப் போர் ஆண்டு முழுவதும் தாங்கும். மாடும் நிலமும் ஒரே வீட்டில் இருந்த காலம் அது. வைக்கோலுக்கு விலை பேச வேண்டிய தேவையே பலருக்கு இருந்ததில்லை.

அறுவடை இயந்திரம் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. இயந்திரம் தாளைச் சற்று உயரத்தில் அறுத்து, நெல்லைப் பிரித்துக்கொண்டு, வைக்கோலை வயலிலேயே வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. அதை வாரிச் சேர்க்க ஆள் கிடைப்பதில்லை. இந்த இடத்தில்தான் டிராக்டரோடு இணைத்து ஓட்டும் வைக்கோல் கட்டும் இயந்திரம் நுழைந்தது. வரிசையாகக் கிடக்கும் வைக்கோலை வாரி எடுத்து, உள்ளே அழுத்திச் சுருட்டி, கயிறு சுற்றி வெளியே தள்ளுகிறது. உருளையாகச் சுற்றுவதும் உண்டு, சதுரமாக அழுத்துவதும் உண்டு. நம் பக்கம் பெரும்பாலும் வருவது ஓர் ஆள் தூக்கக்கூடிய உருளைக் கட்டுதான். இயந்திரத்துக்கு இயந்திரம், ஓட்டுபவருக்கு ஓட்டுபவர் எடை மாறும். 12 கிலோவும் வரும், 18 கிலோவும் வரும், அதற்கு மேலும் வரும்.

கட்டானதும் வைக்கோல் ஊர்விட்டு ஊர் போகும் சரக்காகிவிட்டது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வைக்கோல் நெல் விளையாத மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளத்துக்கும் லாரியில் போகிறது. காளான் வளர்ப்போரும் இதை வாங்குகிறார்கள். கண்ணாடி, பழம் போன்றவற்றைப் பொதிந்து அனுப்புவோருக்கும் வைக்கோல் வேண்டியிருக்கிறது. ஆகவே மாட்டுக்காரர் மட்டுமே இதற்கு வாடிக்கையாளர் என்ற காலம் போய்விட்டது. வரத்து குறையும் மாதங்களில் விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடக்கே பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் கோதுமை வைக்கோலைத்தான் மாட்டுக்கு உலர்தீவனமாக விரும்பிப் போடுகிறார்கள். நெல் வைக்கோலின் பெரும்பகுதி அங்கே தீவனமாவதில்லை. வயலிலேயே தீ வைப்பதும், அந்தப் புகை டில்லி வரை போவதும் நாம் செய்தியில் படிப்பதுதான். நமக்கோ நெல் வைக்கோலே மாட்டின் அன்றாட உணவு. அங்கே தொல்லையாகக் கிடப்பது இங்கே விலைபோகும் சரக்காக இருக்கிறது.

வைக்கோலில் என்ன இருக்கிறது?

வியாபாரி முதலில் அறிய வேண்டியது சரக்கின் உள்ளடக்கம். நன்கு காய்ந்த நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3 முதல் 4 பங்குதான். நார்ச்சத்து மிகுதி. அந்த நாரோடு மணல் போன்ற சிலிக்காச் சத்து நூற்றுக்கு 10 பங்கு அளவுக்கும் மேலே கூடக் கலந்திருக்கும். வைக்கோலைத் தேய்த்தால் கையை அறுப்பது இதனால்தான். இது செரிமானத்துக்குத் தடை. இதோடு ஆக்சலேட் என்ற உப்பும் வைக்கோலில் உண்டு. அது மாட்டுக்குக் கிடைக்க வேண்டிய சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்பரசும் மிகக் குறைவு.

அப்படியானால் வைக்கோல் எதற்கு என்று கேட்கலாம். மாட்டின் வயிறு நம் வயிறு போன்றது அல்ல. அதற்கு நான்கு அறைகள். முதல் அறை பெரிய தொட்டி போன்றது. அதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மாடு தின்ற நாரைச் செரிப்பது உண்மையில் அந்த நுண்ணுயிர்கள்தாம். நீண்ட நார் உள்ளே போனால்தான் மாடு அசை போடும், உமிழ்நீர் ஊறும், வயிற்றில் புளிப்பு ஏறாமல் இருக்கும், பாலில் கொழுப்பு நிற்கும். வெறும் தவிடும் அரிசிக் கஞ்சியும் கொடுத்துப் பால் கறக்க நினைப்பவருக்கு மாடு வயிற்றுக் கோளாறில் படுப்பது இந்த நார் இல்லாததால்தான்.

ஆனால் அந்த நுண்ணுயிர்களுக்கும் உணவு வேண்டுமே. அவை பெருகப் புரதச் சத்து வேண்டும். வைக்கோல் மட்டும் போட்டால் அதில் உள்ள 3 பங்கு புரதம் அவற்றுக்கே போதாது. அவை சோர்ந்தால் வைக்கோல் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கும். வயிறு நிறைந்திருப்பதால் மாடு மேற்கொண்டு தின்னாது. பார்வைக்கு வயிறு உப்பியிருக்கும், விலா எலும்பு தெரியும். 'நிறையத் தின்கிறது, உடம்பு பிடிக்கவில்லை' என்று வாடிக்கையாளர் சொல்வதன் பொருள் பெரும்பாலும் இதுதான். பூச்சி மருந்து வேண்டுமா என்று கேட்கும் முன், வைக்கோலோடு வேறென்ன போடுகிறீர்கள் என்று நாம் கேட்க வேண்டும். கொஞ்சம் பசுந்தீவனம், கொஞ்சம் புண்ணாக்கு சேர்ந்தால் அதே வைக்கோல் நன்றாகச் செரிக்கும்.

ஆகவே வைக்கோல் துணைத் தீவனம். வயிற்றை நிரப்பும், நாரைத் தரும், பிற தீவனம் வேலை செய்ய இடம் தரும். பால் தருவது மற்றவை. 5 கிலோ வைக்கோலில் கிடைக்கும் புரதம் சுமார் 175 கிராம். 20 பங்கு புரதமுள்ள கலப்புத் தீவனம் ஒரு கிலோவிலேயே 200 கிராம் கிடைத்துவிடும். தீவன மூட்டை விலை ஏறும்போது, 'மூட்டையை நிறுத்திவிட்டு இரண்டு கட்டு கூடுதலாக எடுத்துப் போகிறேன்' என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் இந்தக் கணக்கைச் சொல்வது நம் கடமை.

ஒரு மாட்டுக்கு எவ்வளவு?

ஒரு மாடு தன் உடல் எடையில் நூற்றுக்கு 2.5 முதல் 3 பங்கு வரை உலர் எடையாகத் தின்னும். 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 கிலோ உலர் எடை வேண்டும். நாள் ஒன்றுக்கு 8 லிட்டர் கறக்கும் பசு என்று வைத்துக்கொள்வோம். வைக்கோல் 5 கிலோ, பசுந்தீவனம் 15 கிலோ போடலாம். கலப்புத் தீவனத்துக்குப் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. உடம்பைக் காப்பாற்ற ஒன்றரைக் கிலோ, பிறகு ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. 8 லிட்டருக்கு 3.2 கிலோவும் ஒன்றரைக் கிலோவும் சேர்ந்து 4.7 கிலோ. இதோடு தாது உப்புக் கலவை 30 முதல் 50 கிராம், சாதாரண உப்பு சுமார் 30 கிராம். வைக்கோலின் சுண்ணாம்புக் குறையையும் பாஸ்பரஸ் குறையையும் ஈடுகட்டுவது இந்தத் தாது உப்புதான். வைக்கோல் விற்கும் கடையில் இது இல்லாமல் இருக்கக் கூடாது.

தண்ணீரை மறந்துவிடக் கூடாது. பசும்புல்லில் தண்ணீர் இருக்கிறது, வைக்கோலில் இல்லை. வைக்கோல் தின்னும் மாட்டுக்கு வேளா வேளைக்குக் காட்டும் ஒரு வாளித் தண்ணீர் போதாது. எப்போதும் குடிக்கும்படி தொட்டியில் நிற்க வேண்டும். வெயில் காலத்தில் பால் குறைந்ததற்குத் தீவனத்தைக் குறை சொல்லும் சிலர் வீட்டில் தொட்டி காய்ந்து கிடப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

வைக்கோலை முழுசாகப் போட்டால் மாடு இழுத்துக் கீழே போட்டு மிதித்து வீணாக்கும். சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டால் சேதம் குறையும். தவிட்டுத் தண்ணீர் தெளித்துப் பிசறிப் போட்டால் விரும்பித் தின்னும். பிசறியதை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் புளித்துப் பூசணம் பிடிக்கும்.

மற்ற தட்டைகளும் கொடிகளும்

நெல் வைக்கோல் மட்டுமே உலர்தீவனம் அல்ல. கொங்குப் பகுதியில் சோளத்தட்டைதான் முதலிடம். வைக்கோலைவிட மாடு அதை விரும்பும். சிலிக்கா குறைவு, சத்தும் சற்று அதிகம். ஆனால் மழையில்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரைப் பச்சையாக அறுத்துப் போடுவது ஆபத்து. அதில் நச்சு மிகுந்திருக்கும். முற்றிக் காய்ந்த தட்டைக்கு அந்த அச்சம் இல்லை.

கடலைக்கொடி கிடைத்தால் அதுவே உயர்ந்தது. புரதம் நூற்றுக்கு 10 பங்கு அளவில் இருக்கும். உளுந்து, துவரை ஆகியவற்றின் பொட்டும் நல்லது. இவற்றை வைக்கோலோடு கலந்து போட்டால் வைக்கோலின் குறை ஓரளவு தீரும். கடலைக்கொடி வாங்கும்போது வேரோடு ஒட்டிய மண்ணைப் பார்க்க வேண்டும். மண்ணுக்கும் சேர்த்து நாம் விலை கொடுக்கக் கூடாது, மாடும் மண் தின்னக் கூடாது.

எந்தப் பருவத்து வைக்கோல்?

காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் நடக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் அது. வைக்கோல் நனையாமல் கட்டுக்கு வருவது அந்த ஆண்டின் மழையைப் பொறுத்தது. சம்பா அறுவடை தை மாதத்தில் வரும். தாளடி அதைத் தொடரும். பனி விலகி வெயில் ஏறும் காலம் ஆதலால் வைக்கோல் நன்கு காயும். இருப்பு வைக்க ஏற்ற சரக்கு இதுதான். குறுவைக் கட்டை வந்த வேகத்தில் விற்றுத் தள்ளுவது நல்லது.

மழை பொய்த்தால் கதை வேறு. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டோம். நெல்லும் இல்லை, வைக்கோலும் இல்லை. தீவனம் போட முடியாமல் மாட்டைச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளியவர்கள் எத்தனையோ பேர். மாடு போனால் தவிட்டு மூட்டையும் போகாது. வைக்கோல் தட்டுப்பாடு என்பது நம் தீவன வியாபாரம் முழுவதையும் தொடும் விஷயம் என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது.

கட்டு வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது ஈரம். கட்டில் ஈரம் நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் போகாமல் இருந்தால் பத்திரம். 20-ஐத் தாண்டினால் உள்ளே பூசணம் பிடிக்கும், சூடு ஏறும். மேல் பக்கம் பொன்னிறமாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. காலைப் பனியில் சுற்றிய கட்டு வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். லாரியில் மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்தில் கட்டு எடுத்துக் கயிற்றை அறுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். கையை நடுவில் விட்டால் வெதுவெதுப்பாக இருந்தாலோ, புழுங்கிய வாடை அடித்தாலோ, உதறினால் சாம்பல் நிறத் தூசி பறந்தாலோ அந்தச் சரக்கு வேண்டாம்.

கடையில் இருக்கும் பொருளைக் கொண்டே ஈரம் பார்க்க ஒரு வழி உண்டு. கட்டின் நடுவிலிருந்து வைக்கோலை எடுத்துப் பொடியாக நறுக்கி, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் பாதி அளவு போடவும். நன்கு வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு மூன்று தேக்கரண்டி போட்டு மூடி, சற்று நேரம் குலுக்கி வைக்கவும். உப்பு உதிரியாகவே இருந்தால் வைக்கோல் காய்ந்தது. உப்பு கட்டியாகிப் பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் உண்டு. துல்லியமான அளவு தெரியாது என்றாலும், லாரியை இறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய இது உதவும்.

இரண்டாவது எடை. கட்டு எண்ணிக்கையில் விலை பேசுவதே வழக்கமாகிவிட்டது. இதில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். கணக்குக்காக ஒரு எடுத்துக்காட்டு. ஒருவர் கட்டு 100 ரூபாய் என்கிறார், எடை 12 கிலோ. இன்னொருவர் 120 ரூபாய் என்கிறார், எடை 16 கிலோ. கிலோவுக்குப் பார்த்தால் முன்னது 8 ரூபாய் 33 காசு, பின்னது 7 ரூபாய் 50 காசு. இரண்டாவதுதான் மலிவு என்று தோன்றும். முதல் கட்டில் ஈரம் 10 பங்கு, இரண்டாவதில் 20 பங்கு என்று வைத்துக்கொண்டால்? முதல் கட்டில் உலர் எடை 10.8 கிலோ, இரண்டாவதில் 12.8 கிலோ. உலர் எடைக்குக் கணக்கிட்டால் முன்னது 9 ரூபாய் 26 காசு, பின்னது 9 ரூபாய் 37 காசு. மலிவு என்று தோன்றியது மலிவு இல்லை. அதோடு முடியவில்லை. அந்த 16 கிலோக் கட்டு கிடங்கில் கிடந்து 10 பங்கு ஈரத்துக்கு உலர்ந்தால் 14.2 கிலோதான் நிற்கும். 400 கட்டு வாங்கியவருக்கு 711 கிலோ காற்றோடு போயிருக்கும். ஆகவே வண்டியை எடை மேடையில் ஏற்றி, எடைக்கும் ஈரத்துக்கும் சேர்த்து விலை பேசுங்கள்.

மூன்றாவது மண்ணும் குப்பையும். சேற்று வயலில் இயந்திரம் ஓடியிருந்தால் வைக்கோலோடு மண்ணும் சுருட்டப்பட்டிருக்கும். எடை கூடும், மாடு தின்னாது.

நான்காவது கயிறு. கட்டைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் சரடு. இதை அறுத்து அப்படியே வைக்கோலோடு தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். மாட்டுக்கு வைக்கோலையும் சரடையும் பிரித்துத் தின்னத் தெரியாது. வயிற்றில் சேர்ந்த சரடு செரிக்காது, வெளியேறவும் செய்யாது. உருண்டையாகி வழியை அடைத்துவிடும். அறுவை செய்துதான் எடுக்க வேண்டிவரும். கம்பி கட்டிய கட்டானால் ஆபத்து இன்னும் அதிகம். கம்பித் துண்டு வயிற்றுச் சுவரைத் துளைத்து இதயம் வரை போகும். கட்டு விற்கும் ஒவ்வொரு முறையும் 'சரடை எண்ணி எடுத்து வெளியே போடுங்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் நமக்குச் செலவு ஒன்றுமில்லை.

பூசணம் ஏன் ஆகாது?

'மாடுதானே, பூசணம் இருந்தால் என்ன, உதறிப் போட்டால் தின்றுவிடும்' என்று சொல்வோர் உண்டு. நெல் வைக்கோலில் பிடிக்கும் சிலவகைப் பூசணங்கள் நஞ்சு சுரப்பவை. வட மாநிலங்களில் பூசணம் பிடித்த நெல் வைக்கோல் தின்ற எருமைகளுக்கு வால் நுனி, காது நுனி, கால் ஆகியவை அழுகி உதிரும் நோய் வருவதுண்டு. டெக்நாலா நோய் என்று அதற்குப் பெயர். சினை மாடு கன்று வீசுவதற்கும் பூசணத் தீவனம் ஒரு காரணமாகலாம்.

நம் கடையின் கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பிடிக்கும் பூசணம் தரும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு மாட்டின் வழியாகப் பாலுக்கும் வருகிறது. பாலில் அது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அந்தப் பாலை நம் வீட்டுக் குழந்தையும் குடிக்கும். பூசணக் கட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். எருக்குழிக்கு அனுப்புவதே அதற்குச் சரியான வழி.

யூரியா வைக்கோல் பற்றி

வைக்கோலின் சத்தைக் கூட்ட ஒரு முறை உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுதும் கரைத்து, சீராகத் தெளித்து, மிதித்து அடுக்கி, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைப்பார்கள். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா நாரை இளக்குகிறது. புரத அளவு சுமார் இரண்டு மடங்காகிறது. பிரித்த பின் காற்றாட விட்டு, நெடி போன பிறகே மாட்டுக்குப் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. அளவு தப்பினால் மாடு வயிறு உப்பி, நடுங்கி, சிறிது நேரத்திலேயே விழுந்துவிடும். ஆகவே கால்நடை மருத்துவரிடமோ, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையத்திலோ நேரில் பார்த்துக் கற்காமல் யாரும் இதில் இறங்கக் கூடாது. காது வழிக் கேட்டதை நாம் கடையில் நின்று உபதேசம் செய்யவும் கூடாது.

வணிகர் என்ற முறையில் இன்னொன்றும் உண்டு. உர விற்பனைக்கு அனுமதி பெறாத கடையில் யூரியா விற்பது 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். பயிருக்கென்று மானியத்தில் வரும் யூரியாவைத் தீவனத் தயாரிப்புக்குத் திருப்பிவிடுவதும் குற்றமே. தவிட்டில் யூரியா கலந்து புரதம் கூடியதாகக் காட்டும் சரக்கு சந்தையில் தலைகாட்டுவது உண்டு. வழக்கத்தைவிட மிக மலிவாக வரும் தீவனத்தைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

கிடங்கும் தீயும்

ஈரக் கட்டுகளை நெருக்கி அடுக்கினால் உள்ளே நொதித்துச் சூடு ஏறி, தானாகவே தீப்பிடிப்பதும் உண்டு. தரையில் கட்டை போட்டு அதன் மேல் அடுக்கவும். சுவரை ஒட்டாமல் இடைவெளி விடவும். புதுக் கட்டுகளை முதல் சில வாரம் அவ்வப்போது கையை விட்டுச் சூடு பார்க்கவும். மின் கம்பிக்கு அடியில் அடுக்க வேண்டாம். வைக்கோல் கிடங்கும் பலசரக்குக் கிடங்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. எலிக்கும் தூசிக்கும் மட்டுமல்ல, ஒரு தீப்பொறியில் இரண்டும் போய்விடும். வண்டியில் ஏற்றும்போதும் உயரம் கவனியுங்கள். அளவுக்கு மீறி ஏற்றிய வைக்கோல் லாரி தாழ்ந்த மின் கம்பியில் உரசித் தீப்பிடித்த செய்தி அறுவடைக் காலத்தில் அடிக்கடி வருகிறது. உங்கள் தீக் காப்பீட்டில் வைக்கோல் இருப்பு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சொல்லாமல் வைத்த சரக்குக்கு இழப்பீடு கேட்கும்போது கேள்வி வரும்.

இருப்பு வைத்தால் ஆதாயமா?

தை, மாசியில் வாங்கி ஐப்பசி, கார்த்திகையில் விற்றால் விலை ஏறியிருக்கும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் அடக்க விலை தெரியாமல் மகிழக் கூடாது. கிலோ 7 ரூபாய் 50 காசுக்கு வாங்கி எட்டு மாதம் வைத்தால், மாதம் ஒன்றரை வட்டியில் 90 காசு ஏறுகிறது. ஏற்றுகூலி இறக்குகூலி 50 காசு என்று வைத்தால் 8 ரூபாய் 90 காசு. நூற்றுக்கு 5 பங்கு சேதம் போனால் மிஞ்சும் சரக்கின் அடக்கம் 9 ரூபாய் 37 காசு. கிடங்கு வாடகை தனி. இதற்குக் கீழே விற்றால் எட்டு மாதம் காவல் காத்ததுதான் மிச்சம். வரியைப் பொறுத்தவரை வைக்கோலுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் சரக்கு சேவை வரி இல்லை. ஆனாலும் சிட்டையும் எடை ரசீதும் எழுதி வைப்பதை விட்டுவிடக் கூடாது.

சிறு கடைக்காரர்கள் இருப்பு வைப்பதைவிட, தங்கள் வாடிக்கையாளர்களின் தேவையைக் கணக்கெடுப்பதே மேல். நாளுக்கு 5 கிலோ வீதம் ஒரு மாட்டுக்கு ஆண்டுக்கு 1,825 கிலோ. 15 கிலோக் கட்டானால் சுமார் 122 கட்டு. இரண்டு மாட்டுக்காரருக்கு 244. பத்து வாடிக்கையாளருக்கு எத்தனை என்று தெரிந்தால், நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து நேரடியாக வயலிலிருந்தே லாரி எடுக்கலாம். தரகு மிச்சமாகும், சரக்கின் பிறப்பிடமும் தெரியும். அறுவடைக் காலத்திலேயே வாடிக்கையாளரிடம் சொல்லி, இடம் உள்ளவர் பாதி ஆண்டுக்கான கட்டையாவது அப்போதே எடுத்துக்கொள்ளும்படி செய்தால், விலை ஏறும் மாதங்களில் அவர் திண்டாட மாட்டார்.

முடிவாக ஒன்று. வாடிக்கையாளர் மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டது என்று ஓடி வந்தால், நம் கடையிலிருக்கும் பொடியையும் எண்ணெயையும் எடுத்துக் கொடுத்து வைத்தியம் பார்க்க வேண்டாம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு அனுப்புங்கள், அல்லது 1962 என்ற எண்ணுக்குப் பேசி கால்நடை அவசர ஊர்தியை அழைக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைத் தீவன மூட்டை அடுக்கியிருக்கும் இடத்தில் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள். காய்ந்த கட்டு, சரியான எடை, கூடவே தாது உப்பு, சரடை எடுக்கச் சொல்லும் ஒரு வார்த்தை. இவ்வளவையும் கொடுக்கும் கடையை மாட்டுக்காரர் விட்டுப் போக மாட்டார். அடுத்த அறுவடை தொடங்கும் முன் நம் உறுப்பினர்கள் இவற்றைக் கவனத்தில் கொண்டு கொள்முதல் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.